மூன்று மொழியில் தட்டச்சு செய்பவர்களுக்கு: சொந்தக் குறுக்குவிசைகள் அமைக்க முழுமையான வழிகாட்டி

ஹற்றனிலோ பண்டாரவளையிலோ ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், கணினி வேலையில் நேரம் எங்கே கரைகிறது என்று விளங்கிவிடும். கடிதத்தின் விஷயம் சட்டென்று முடிந்துவிடுகிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து சிங்களத்துக்கும் கீபோர்டை மாற்றுவது, எழுத்துருப் பட்டியலை இழுத்து இழுத்து பாமினியைத் தேடுவது, போன மாதம் அடித்த கடிதத்தைத் திறந்து தோட்டத்து முகவரியை எடுத்து ஒட்டுவது, இவைதான் நேரத்தைத் தின்கின்றன. பின்னால் வரிசையில் நிற்பவர் பொகவந்தலாவைக்கு பஸ் பிடிக்க வேண்டியவராக இருப்பார்.

இணையத்தில் கிடைக்கிற நூறு குறுக்குவிசைப் பட்டியலை மனப்பாடம் செய்தால் இது தீராது. அந்தப் பட்டியல்கள் ஒரே மொழியில் வேலை செய்பவர்களை நினைத்துப் போட்டவை. நம் கையில் திரும்பத் திரும்ப வரும் வேலை எதுவோ, அதற்கு நாமே ஒரு விசை வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும், வேர்டிலும் எக்செலிலும் அதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குப் புதிதாக எதுவும் வாங்கவும் வேண்டாம், டவுன்லோட் செய்யவும் வேண்டாம்.

முதலில் கையைக் கவனியுங்கள்

ஒரு வேலைநாள் முழுக்க கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காரியத்துக்காக மவுஸைப் பிடிக்கும்போதெல்லாம், ஒரே சொற்றொடரை மறுபடி அடிக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். சாயங்காலம் அதிகக் கோடு விழுந்த நாலைந்து காரியங்களை மட்டும் எடுங்கள். மற்றவை இப்போதைக்கு வேண்டாம். ஒரே நாளில் இருபது விசைகளை அமைப்பவர் ஒரு வாரத்தில் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுவார். நாலைந்து என்றால் விரலில் தங்கும், தங்கியபின் அடுத்ததைச் சேர்க்கலாம்.

தோட்ட அலுவலகத்தில் இருப்பவருக்கு எக்செல்தான் முதலில் வரும், ஆசிரியருக்கு வினாத்தாள். கடிதம் அடித்துக் கொடுப்பவருக்கு அநேகமாக மொழி மாற்றமே முதலில் வரும். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மொழிக்கு ஒரு இலக்கம்

விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும் என்பது பலருக்குத் தெரியும். இரண்டு மொழி இருந்தால் அது போதும். மூன்று மொழி இருக்கும்போது அது வட்டமாகச் சுற்றுகிறது: இப்போது எதில் நிற்கிறோம், இன்னும் எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் திரையின் மூலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் தனி விசை இருந்தால் பார்க்கவே தேவையில்லை. எந்த நிலையில் இருந்தாலும் 2 என்றால் தமிழ், அவ்வளவுதான்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் டைம் அன்ட் லாங்குவேஜ், அதற்குள் டைப்பிங், அதற்குள் அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ். விண்டோஸ் 10இல் அதே டைப்பிங் பக்கம் டிவைசஸ் என்பதற்குள் இருக்கும். அங்கே இன்புட் லாங்குவேஜ் ஹொட் கீஸ் என்ற இணைப்பை அழுத்தினால் பழைய பாணியில் ஒரு சிறு பெட்டி திறக்கும். நீங்கள் சேர்த்துள்ள மொழிகள் அதில் வரிசையாக இருக்கும். ஆங்கிலத்தைத் தெரிவுசெய்து சேஞ்ச் கீ சீக்குவென்ஸ் அழுத்துங்கள். எனேபிள் கீ சீக்குவென்ஸில் சரி அடையாளம் போட்டு, இடப்பக்க அல்ட்டும் ஷிப்ட்டும் என்பதைத் தெரிவுசெய்து, இலக்கமாக 1 கொடுங்கள். தமிழுக்கு 2, சிங்களத்துக்கு 3. அதே பெட்டியில் மொழிகளுக்கிடையே மாறுவது என்று மேலே இருக்கும் வரியையும் திறந்து, நொட் அசைன்ட் என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அல்ட்டும் ஷிப்ட்டும் தவறிப் பட்டாலே மொழி தாவும். கடைசியாக ஓகே அழுத்தி, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

அந்த அட்வான்ஸ்ட் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது: ஒவ்வொரு செயலியின் ஜன்னலுக்கும் தனித்தனி மொழி வைத்திருக்க அனுமதிக்கும் ஒரு தெரிவு. அதையும் போட்டுவிடுங்கள். வேர்டில் தமிழ் அடித்துக்கொண்டிருக்கும்போதே பிரவுசருக்குப் போனால் அங்கே ஆங்கிலம் காத்திருக்கும். இணையதள முகவரிப் பெட்டியில் தமிழ் எழுத்து விழுந்து அழித்து அடிக்கும் தொல்லை அதோடு ஓய்ந்துவிடும்.

முகவரியை நான்கு இலக்கத்தில் அடைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மலையகத்து முகவரி நீளமானது. இலக்கம், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, தோட்டத்தின் பெயர், தபால் நகரம், சில படிவங்களில் கிராம உத்தியோகத்தர் பிரிவும் பிரதேச செயலகமும். ஒரே தோட்டத்திலிருந்து பத்துப் பேர் வந்தால் முதல் இலக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுதான். சேமலாப நிதிக் கடிதத்துக்கு ஒருமுறை, பாடசாலை அனுமதிக்கு ஒருமுறை, பொலிஸ் முறைப்பாட்டுக்கு ஒருமுறை என்று ஒரே வரிகளையே அடித்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் மூன்று மொழியில்.

வேர்டில் இருக்கும் ஓட்டோகரெக்ட் எழுத்துப்பிழை திருத்துவதற்கென்று வந்தது. அதையே சுருக்கத்தை விரிக்கும் கருவியாகவும் பயன்படுத்தலாம். பலர் சுருக்கத்துக்கு எழுத்துகளை வைப்பார்கள். நமக்கு அது சரிவராது. ஆங்கில கீபோர்டில் நினைத்துவைத்த மூன்று எழுத்து, தமிழ் கீபோர்டு இருக்கும்போது வேறு எழுத்தாக விழும், சிங்களத்தில் இன்னொன்றாக விழும். மேல் வரிசை இலக்கங்கள் மூன்றிலும் இலக்கங்களாகவே விழுகின்றன. ஆகவே சுருக்கத்தை இலக்கத்தில் வையுங்கள்.

நான் சொல்லும் ஒழுங்கு இது: முதலில் இரண்டு பூச்சியம், அப்புறம் விஷயத்தின் எண், கடைசியில் மொழியின் எண். மொழியின் எண் மேலே கீபோர்டுக்குக் கொடுத்த அதே 1, 2, 3. உதாரணமாக நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் முகவரி முதல் விஷயம் என்றால், 0011 ஆங்கிலத்தில், 0012 தமிழில், 0013 சிங்களத்தில். பிரதேச செயலாளருக்கான விளிப்பும் முகவரியும் இரண்டாவது விஷயம் என்றால் 0021, 0022, 0023. ஒரு பூச்சியம் மட்டும் வைத்தால் போதாதா என்றால், போதாது. ஹற்றனின் தொலைபேசிக் குறியீடு 051, நுவரெலியாவுக்கு 052. யாருடைய இலக்கத்தையாவது இடைவெளி விட்டு அடித்தால் நடுவில் ஒரு தோட்டத்து முகவரி வந்து விழும். 12 இலக்க அடையாள அட்டை எண்ணுக்குள் 0012 வந்தால் பயமில்லை. தனிச் சொல்லாக நின்றால்தான் வேர்ட் அதை மாற்றும். தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அப்படித் தனியாக நின்றுவிட்டால், உடனே கண்ட்ரோலும் இசட்டும் அழுத்துங்கள், இலக்கம் திரும்பி வந்துவிடும்.

இனி அமைக்கும் முறை. வேர்டில் முகவரியை அழகாக, சரியான எழுத்துருவில், வரி பிரித்து அடியுங்கள். அதைத் தெரிவுசெய்யுங்கள். பைல், ஒப்ஷன்ஸ், புரூபிங், ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் என்று போங்கள். வித் என்ற பெட்டியில் நீங்கள் தெரிவுசெய்த முகவரி ஏற்கெனவே நிற்கும். அதற்கு மேலே ப்ளெய்ன் டெக்ஸ்ட், போர்மட்டட் டெக்ஸ்ட் என்று இரண்டு தெரிவுகள். போர்மட்டட் டெக்ஸ்ட் என்பதையே எடுங்கள். ப்ளெய்ன் என்றால் 255 எழுத்துக்கு மேல் ஏற்காது, எழுத்துருவையும் நினைவில் வைக்காது. ரிப்ளேஸ் பெட்டியில் 0012 என்று அடித்து அட் அழுத்துங்கள். அப்புறம் வெறும் பக்கத்தில் 0012 அடித்து ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெட்டியின் தலைப்பிலேயே ஒரு மொழியின் பெயர் இருக்கும். வேர்ட் ப்ளெய்ன் சுருக்கங்களை மொழிக்கு ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் விரியும் சுருக்கம் தமிழ் கீபோர்டில் விரியவில்லை என்றால், தமிழ் கீபோர்டுக்கு மாறி ஒரு சொல் அடித்துவிட்டு, அதே பெட்டியைத் திறந்து அங்கேயும் சேர்த்துவிடுங்கள்.

இதில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது வேகம் அல்ல. சிங்களத்தில் தட்டச்சு தெரியாதவரும் 0013 அடித்து ஒரு பிழையில்லாத சிங்கள முகவரியைப் போட முடிகிறது. ஆகவே சேமிப்பதற்கு முன் சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். தோட்டத்தின் பெயரில் ஒரு எழுத்து மாறினால், பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் பொருந்தவில்லை என்று ஒரு தொழிலாளி அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறி வரவேண்டும். சரியாகச் சேமித்தது எல்லாக் கடிதத்திலும் சரியாக வரும், பிழையாகச் சேமித்தது எல்லாக் கடிதத்திலும் பிழையாக வரும்.

ஆட்களின் பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சுருக்கமாக வைக்காதீர்கள். பொதுவான முகவரி, விளிப்பு, வழக்கமான இறுதி வரி, சத்தியக்கூற்று வாசகம், இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாமினி பயன்படுத்துபவர்கள் இதை விட்டுவிடக் கூடாது

எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோட் வந்து எவ்வளவோ காலமாகியும் பாமினியில் அடிப்பவர்கள் இங்கே நிறையப் பேர். பாமினி ஓர் எழுத்துரு மட்டுமே. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடிப்பது ஆங்கில எழுத்துகள்தான், தமிழாக உருவம் காட்டுவது எழுத்துருவின் வேலை. பாமினியில் அடித்ததை வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வருவது அதனால்தான்.

இங்கேதான் ஓட்டோகரெக்ட் கெடுதல் செய்யும். ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது அதன் இயல்பு. பாமினியில் சிறிய ஜே எழுத்து ‘த’, பெரிய ஜே எழுத்து ‘து’. நீங்கள் ஒரு பந்தியைத் ‘தமிழ்’ என்று தொடங்கி ஸ்பேஸ் தட்டினால் அது ‘துமிழ்’ ஆகிவிடும். சிறிய கே ‘ம’, பெரிய கே ‘மு’. ஆகவே ‘மகள்’ என்று தொடங்கினால் ‘முகள்’. கண் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவதால் இது பிரிண்ட் எடுத்த பிறகுதான் தெரியவரும். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் இரண்டாவதைச் சிறியதாக்கும் வசதியும் இதே போல ‘முது’ என்று தொடங்கும் சொல்லை ‘முத’ என்று ஆக்கும்.

அதே ஓட்டோகரெக்ட் பெட்டியின் மேல்பகுதியில் கெப்பிட்டல் எழுத்து பற்றிய ஐந்து தெரிவுகள் வரிசையாக இருக்கின்றன. பாமினியில் வேலை செய்பவர் ஐந்தையும் எடுத்துவிடுங்கள். கீழே இருக்கும் ரிப்ளேஸ் டெக்ஸ்ட் அஸ் யூ டைப் என்பதை மட்டும் எடுக்காதீர்கள், நம் இலக்கச் சுருக்கம் அதில்தான் ஓடுகிறது. போர்மட்டட் டெக்ஸ்ட் என்று சேமித்திருந்தால் சுருக்கம் விரியும்போது பாமினி எழுத்துருவும் கூடவே வரும்.

அடுத்தது எழுத்துருவுக்கே ஒரு விசை. பைல், ஒப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிபன் பக்கத்தின் அடியில் கீபோர்ட் ஷோர்ட்கட்ஸ் என்பதற்குப் பக்கத்தில் கஸ்டமைஸ் பொத்தான் இருக்கும். திறக்கும் பெட்டியில் இடப்பக்கப் பட்டியலைக் கடைசிவரை இறக்கினால் பொன்ட்ஸ் என்று ஒரு பிரிவு. அதைத் தெரிவுசெய்தால் கணினியில் உள்ள எல்லா எழுத்துருவும் வலப்பக்கம் வரும். பாமினியைத் தெரிவுசெய்து, பிரஸ் நியூ ஷோர்ட்கட் கீ பெட்டிக்குள் கேர்சரை வைத்து, கண்ட்ரோல், அல்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கரன்ட்லி அசைன்ட் டு என்று கீழே வருவதை வாசியுங்கள். அன்அசைன்ட் என்றால் அசைன் அழுத்தலாம். ஏற்கெனவே ஏதாவது இருந்தால் யோசியுங்கள்: வேர்டில் கண்ட்ரோல், அல்ட், ஈ யூரோக் குறியையும், கண்ட்ரோல், அல்ட், டி (T) வணிகச்சின்னக் குறியையும் போடும். நமக்கு இரண்டும் அரிது, ஆகவே அவற்றை எடுத்துக்கொண்டால் நட்டமில்லை. கண்ட்ரோலும் எஸ்ஸும் போன்றவற்றை மட்டும் தொடவே கூடாது. மின்சாரம் எந்த நேரமும் போகலாம் என்ற ஊரில் சேமிக்கும் விசை அதன் இடத்திலேயே இருக்க வேண்டும்.

சிங்களத் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிங்கள கீபோர்டில் சில எழுத்துகளுக்கு வலப்பக்க அல்ட் தேவைப்படும். விண்டோஸுக்கு வலப்பக்க அல்ட் என்பது கண்ட்ரோலும் அல்ட்டும் சேர்ந்ததுதான். ஒரு சிங்கள எழுத்து திடீரென்று விழாமல் போனால், அந்த இடத்தில் நீங்கள் வைத்த குறுக்குவிசைதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பைல்களையும் தளங்களையும் திறக்க

அடிக்கடி திறக்கும் போல்டர், கடித மாதிரி, விண்ணப்பப் படிவம் எதுவானாலும் அதற்கு டெஸ்க்டொப்பில் ஒரு ஷோர்ட்கட் செய்யுங்கள். அதில் வலது கிளிக், புரோப்பர்ட்டீஸ், ஷோர்ட்கட் கீ என்ற பெட்டியில் கேர்சரை வைத்து ஒரு எழுத்தை அழுத்தினால் கண்ட்ரோலும் அல்ட்டும் தானாகச் சேர்ந்துகொள்ளும். இது டெஸ்க்டொப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்கும் ஷோர்ட்கட்டுக்குத்தான் வேலை செய்யும். வேறு போல்டருக்குள் நகர்த்தினால் நின்றுவிடும்.

இணையதளங்களுக்கும் இதே வழி. பிரவுசரின் முகவரிப் பெட்டியில் இடப்பக்கம் உள்ள சின்னத்தைப் பிடித்து டெஸ்க்டொப்பில் இழுத்துவிட்டால் ஷோர்ட்கட் உருவாகும், அதற்கும் விசை வைக்கலாம். பரீட்சை முடிவு வெளிவரும் நாளில் பரீட்சைத் திணைக்களத் தளத்துக்கு ஒரு விசை இருந்தால் எவ்வளவு உதவி என்று கடையில் இருப்பவருக்குத் தெரியும்.

டாஸ்க்பாரில் பின் (pin) செய்த செயலிகளுக்கு எதுவும் அமைக்கத் தேவையில்லை. விண்டோஸ் விசையோடு 1 அழுத்தினால் முதலாவது திறக்கும், 2 என்றால் இரண்டாவது. நீங்கள் செய்ய வேண்டியது வரிசையை ஒழுங்குபடுத்துவது மட்டும்.

எக்செல்

எக்செலில் வேர்டைப் போல விசை ஒதுக்கும் பெட்டி கிடையாது. அதற்குப் பதில் மேலே உள்ள குவிக் எக்சஸ் டூல்பார் இருக்கிறது. எந்தக் கட்டளையிலும் வலது கிளிக் செய்து அதில் சேர்த்தால், இடமிருந்து வரிசையாக அல்ட்டும் 1, அல்ட்டும் 2 என்று விசை கிடைத்துவிடும். செக்ரோல் (தோட்டத் தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவு) விவரமோ கொழுந்து நிறுவையோ பதிபவர்கள் ப்ரீஸ் பேன்ஸ், ஃபில்ட்டர், பேஸ்ட் வெல்யூஸ், பிரின்ட் ஏரியா நான்கையும் முதல் நான்கு இடத்தில் வைத்தால் மவுஸுக்கு அதிக வேலை இருக்காது. கண்ட்ரோலும் அரைப்புள்ளியும் இன்றைய தேதியைப் போடும். கண்ட்ரோலும் டியும் (D) மேல் கட்டத்தில் உள்ளதைக் கீழே நிரப்பும். ஓட்டோகரெக்ட் எக்செலிலும் உண்டு. ஆனால் இலக்கத் தாளில் நம் 0012 முறையை வைக்காதீர்கள், கணக்கு எண் என்று நினைத்து அடித்தது முகவரியாக மாறிவிடலாம்.

வேர்டுக்கு வெளியே

மின்னஞ்சலிலும் இணையப் படிவத்திலும் இதே சுருக்கங்கள் வேண்டுமென்றால் ஓட்டோஹொட்கீ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் பைலில் ஒரு வரி இப்படி இருக்கும்:

::0022::பிரதேச செயலாளர், பிரதேச செயலகம், நுவரெலியா

நோட்பேடில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்கோடிங்கில் சேமியுங்கள், பழைய முதலாம் பதிப்பு என்றால் போம் சேர்ந்த யூடிஎஃப்-8 (UTF-8 with BOM). இல்லாவிட்டால் தமிழ் சிதைந்து வரும். இது யூனிகோட் தமிழுக்கு மட்டும், பாமினிக்கு வேர்டுதான். ஸ்டார்ட்அப் போல்டரில் பைலின் ஷோர்ட்கட்டைப் போட்டுவிட்டால் கணினி திறக்கும்போதே ஓடத் தொடங்கும்.

ஒரு விசை பழுதான பழைய லேப்டொப் வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசொப்ட்டின் பவர்டோய்ஸ் உதவும். அதன் கீபோர்ட் மனேஜரில் ரீமெப் எ கீ என்பதை எடுத்து, பயன்படாத ஒரு விசைக்கு பழுதான விசையின் வேலையைக் கொடுக்கலாம். பவர்டோய்ஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் அந்த மாற்றம் நிற்கும். லிப்ரே ஒபீஸ் பயன்படுத்துபவர்கள் டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸுக்குள் கீபோர்ட் என்ற பகுதியில் விசை ஒதுக்கலாம், நீண்ட வாசகங்களை ஓட்டோடெக்ஸ்ட்டில் சேமித்துச் சுருக்கத்தை அடித்து எஃப்3 அழுத்தினால் விரியும்.

கிளிப்போர்டும் பிறருடைய விவரமும்

விண்டோஸ் விசையும் வியும் சேர்ந்தால் கடைசியாகக் கொப்பி செய்த 25 விஷயங்கள் வரை பட்டியலாக வரும். முதல் தடவை இயக்கச் சொல்லும், இயக்குங்கள். ஒரு படிவத்திலிருந்து பெயர், எண், திகதி மூன்றையும் ஒரே மூச்சில் கொப்பி செய்துகொண்டு, அடுத்த படிவத்தில் ஒவ்வொன்றாக ஒட்டலாம்.

பலர் வந்துபோகும் கடையில் அந்தப் பட்டியலில் நிற்பது பிறருடைய அடையாள அட்டை எண்ணும் கணக்கு எண்ணும். ஒவ்வொருவருடைய வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலைத் திறந்து கிளியர் ஓல் அழுத்துங்கள். செட்டிங்ஸில் மற்றக் கணினிகளோடு கிளிப்போர்டைப் பகிரும் தெரிவு இருந்தால் அதை நிறுத்தி வையுங்கள். பின் செய்தவை கிளியர் ஓல் அழுத்தினாலும் போகாது, ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது, ஆகவே யாருடைய விவரத்தையும் பின் செய்யாதீர்கள்.

விண்டோஸ் மறுபடி போடும் முன்

கணினியை போர்மட் செய்யக் கொடுத்தால் இவ்வளவும் போய்விடும். வேர்டில் ஒதுக்கிய விசைகளும் போர்மட்டட் சுருக்கங்களும் நோர்மல் என்ற டெம்ப்ளேட் பைலில் இருக்கின்றன. உங்கள் யூசர் போல்டரில் எப்டேட்டா, ரோமிங், மைக்ரோசொப்ட், டெம்ப்ளேட்ஸ் என்று போனால் கிடைக்கும். எப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸைக் காட்டச் சொல்லுங்கள். ப்ளெய்ன் சுருக்கங்கள் அதே மைக்ரோசொப்ட் போல்டருக்குள் ஒபீஸ் என்ற போல்டரில், மொழிக்கு ஒரு பைலாக இருக்கும். இவற்றையும் ஓட்டோஹொட்கீ பைலையும் வேர்டை மூடிவிட்டு ஒரு பென் டிரைவில் கொப்பி செய்துகொள்ளுங்கள். புதிய விண்டோஸும் ஒபீஸும் போட்ட பிறகு அதே இடங்களில் திரும்ப வைத்தால் சுருக்கங்கள் வந்துவிடும். மொழிக்கு வைத்த அல்ட், ஷிப்ட் விசைகளை மட்டும் கையால் மறுபடி அமைக்க வேண்டும்.